விரல்கள் லீவு போடும் காலை

"நாளைக்கு வருவியா?"

வேலைக்குப் போகிறவர்கள் யோசிக்காமல் தலையாட்டிவிட்டுப் போகும் கேள்வி இது. எனக்கு மட்டும் இன்றுவரை பதில் தெரியவில்லை. சாயங்காலம் கேட்டால் வருவேன் என்றுதான் சொல்லத் தோன்றும். விடிந்ததும் என் விரல்களைக் கேட்டால் அவை வேறு கதை சொல்லும்.

நான் ஓய்வு பெற்ற ரத்தப் பரிசோதனைக்கூட ஊழியர். ஓய்வு என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ளாதீர்கள். வயது முப்பத்தொன்று. மகள் மித்ரா இந்த வருடம்தான் எல்.கே.ஜி. சேர்ந்திருக்கிறாள். கள்ளக்குறிச்சியில் நான் பார்த்த வேலையை இப்போது பவித்ரா என்ற பெண் பார்க்கிறாள். 'ரிட்டயர்டு அக்கா' என்பது அவள் எனக்கு வைத்த பெயர். நரம்பு கிடைக்காத கை யாராவது வந்துவிட்டால் எனக்குப் போன் செய்வாள்.

"அக்கா, ஒரு அம்மா வந்திருக்காங்க. கை நல்லா பூரி மாதிரி இருக்கு. நரம்பே தெரியல."

"தடவிப் பாரு பவி. கண்ணால தேடாத."

"தடவிட்டேன்க்கா. பூரிதான் தெரியுது."

போன மாதம் அவள்தான், "உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதிக் குடுங்கக்கா, எங்களுக்கு உதவும்" என்றாள். வேலையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். பாதியில் வலி வந்து கூடவே உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் பிரித்து எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் பவித்ராவுக்கு எழுதியதை வாசகர்களான உங்களுக்கும் சேர்த்தே அனுப்புகிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒருத்தி கையை ஒருத்தி குத்திப் பழகினோம். அந்த வருடம் எங்கள் வகுப்பே முழங்கையில் ஊதா நிறத்தோடு திரிந்தது. பேருந்தில் பார்த்தவர்கள் எங்களுக்கு வீட்டில் அடி விழுகிறது என்று நினைத்திருப்பார்கள்.

தொழிலைக் கற்றுக்கொண்டது வசந்தி மேடத்திடம்தான். எங்கள் லேபுக்குப் பொறுப்பாளர். அவர் திட்டி யாரும் கேட்டதில்லை. நாம் தப்புச் செய்தால் பின்னால் வந்து நிற்பார், அவ்வளவுதான். முதுகில் வெயில் படுவதுபோல் இருக்கும். இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்காவிட்டால், "கையை எடு" என்பார். மூன்றாவது முறை குத்த யாருக்கும் அனுமதி இல்லை, அவருக்கே இல்லை. அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். "நோயாளி கை நம்ம பிடிவாதத்துக்கு இல்ல" என்பார்.

நான் சேர்ந்த புதிதில் கரும்பு விவசாயி ஒருவர் வந்தார். கையை நீட்டிக்கொண்டே, "வலிக்குமாம்மா?" என்று கேட்டார். "வலிக்காதுண்ணா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்றேன். குத்தியதும் துள்ளினார். ஊசி வெளியே வந்து வேட்டியெல்லாம் ரத்தம்.

"இன்னாம்மா, எறும்புன்னு சொன்ன! இது தேளும்மா!"

மேடம் பஞ்சை எடுத்துக் கொடுத்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "வலிக்கும்னு சொல்லு. சீக்கிரம் முடிஞ்சிடும்னு சொல்லு. ரெண்டும் உண்மை. உண்மையைச் சொன்னா கை ஆடாது."

அன்றிலிருந்து அதுதான் என் மந்திரம். வலிக்கும், சீக்கிரம் முடிஞ்சிடும்.

பவித்ரா, உனக்காக முறையையும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ரப்பர் பட்டையைக் கட்டியதும் அவசரப்படாதே. ஆள்காட்டி விரலால் தடவு. நரம்பு அமுங்கி எழும், தசைநார் எழாது. ஸ்பிரிட் காயட்டும். ஈரத்தில் குத்தினால் எரியும். ஊசியின் வெட்டு முகம் மேலே பார்க்க வேண்டும். இடது கட்டை விரலால் தோலைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள். ஊசி உள்ளே போனதும் சிரிஞ்சின் தண்டைக் கட்டை விரலால் மெதுவாக இழு. வேகமாக இழுத்தால் ரத்த அணுக்கள் உடைந்து அறிக்கை பொய் சொல்லும். பட்டையை அவிழ்த்த பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும். ரத்தம் ஊற்றிய குழாயைக் குலுக்காதே, தூங்கும் குழந்தையைத் திருப்பிப் போடுவதுபோல மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்து. எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, இதில் பாதிக்கு மேல் கட்டை விரலின் வேலை.

மாதம் ஒரு நாள் கல்வராயன் மலையில் மருத்துவ முகாம் இருக்கும். விடிந்ததும் கச்சிராயபாளையம் வழியாக வேன் மேலே ஏறும். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ஊரில் பலாமரத்தடியில் மேஜை போட்டு உட்காருவோம். அங்கேதான் சின்னப்பையன் அறிமுகம். பெயர்தான் சின்னப்பையன். மரவள்ளிக் கிழங்கு மூட்டையைத் தனியாளாகத் தூக்கி லாரியில் போடுகிற ஆள். ஊசியைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் போய்விட்டார். அவர் மனைவி ராணி தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "மூட்டை தூக்கறப்ப மட்டும் புலி. ஊசின்னா பூனைக்குட்டி" என்றார். கண் விழித்த சின்னப்பையன், "ஏ புள்ள, குத்தியாச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லண்ணா."

"அப்ப இன்னொரு வாட்டி மயங்கட்டுமா?"

பலாமரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினார். வலிக்கும், சீக்கிரம் முடிஞ்சிடும் என்றேன். முடிந்தது.

எனக்கு வலி ஆரம்பித்தது மித்ரா தவழத் தொடங்கிய சமயத்தில். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. பல் துலக்கும் பிரஷ் நழுவும், தண்ணீர் பாட்டில் மூடி திறக்காது. குழந்தையை உள்ளங்கையால் ஏந்தாமல் முழங்கையால் வாரித் தூக்குவேன். கொஞ்சம் வெயில் ஏறியதும் எல்லாம் இளகி, ஒன்றுமே நடக்காததுபோல் ஆகிவிடும். அதுவும் ஒரே இடத்தில் நிற்காது. இன்று வலது மணிக்கட்டு, நாளை இடது முழங்கால், மறுநாள் தாடை. எங்கள் பக்கத்து மினி பஸ் மாதிரி, எங்கே நிற்கும் என்று ஓட்டுநருக்கே தெரியாது.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். என் மாமியாருக்குச் சொந்த ஊர் மணலூர்பேட்டை. அவர் தீர்ப்பு வாயு. "உருளைக்கெழங்க வுடுடி, எல்லாம் போயிடும்" என்றார். பக்கத்து வீட்டு அக்காவின் தீர்ப்பு, பிரசவ ஆபரேஷனில் முதுகில் போட்ட ஊசி. என் அக்கா திருக்கோவிலூரிலிருந்து போனிலேயே கண்ணு பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தாள். என் கணவர் காரணம் எதுவும் தேடவில்லை. தைலம் தேய்த்துவிட்டார். வீடு முழுக்கத் தைல வாசனை வந்ததில் மித்ராவுக்கு மட்டும் சளி பிடிக்கவில்லை.

லேபில் வேலை பார்க்கிறவள் இல்லையா, என் ரத்தத்தை நானே பரிசோதித்தேன். மூட்டுவாதத்துக்கான பரிசோதனை நெகட்டிவ். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி செய்தேன், அதுவும் நெகட்டிவ். மேடத்திடம் கொடுத்துச் செய்யச் சொன்னேன். அவரும் அதையேதான் சொன்னார். வீட்டில் மாமியார் அகமகிழ்ந்து போனார். "ஒண்ணும் இல்லியாம்! நான்தான் சொன்னேனே, வாயு!" எனக்கு அழுகை வந்தது. எத்தனையோ பேரிடம் சிரித்துக்கொண்டே 'நெகட்டிவ்' என்று சொல்லியிருக்கிறேன். அவர்களில் யாராவது வீட்டுக்குப் போய் என்னைப்போல் அழுதார்களா என்று அன்றுதான் யோசித்தேன்.

மருத்துவர்களிடமும் போனேன். ஒருவர் கால்சியம் குறைவு என்றார். இன்னொருவர், "சின்னக் குழந்தை வெச்சிருக்கீங்க, தூக்கம் கம்மி, டென்ஷன் ஜாஸ்தி" என்றார். யாரையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் அழுத்திப் பார்க்கும்போது என் கைகள் பாட்டுக்கு நல்ல பிள்ளைகளாக மடங்கி நிமிர்ந்தன.

அதற்குள் மலையில் அந்த நாள் வந்தது. சின்னப்பையனும் ராணியும் தங்கள் ஒரு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு முகாமுக்கு வந்திருந்தார்கள். விட்டு விட்டுக் காய்ச்சல், வெளுத்த முகம். ரத்தம் எடுக்க வேண்டும். காலை நேரம், மலைக்குளிர். வேனைப் பிடிக்கும் அவசரத்தில், வழக்கமாக வலிக்குப் போட்டுக்கொள்வதை அன்றைக்குப் போடாமல் வந்திருந்தேன். ராணி பையனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குழந்தை நரம்பு நூல் மாதிரி இருக்கும். முதல் குத்திலேயே கிடைத்தது. சிரிஞ்சில் ரத்தம் தெரிந்தது. மெதுவாக இழுக்க ஆரம்பித்தேன். பாதியில் என் கட்டை விரல் நின்றுவிட்டது.

வலித்தது என்று சொல்ல முடியாது. வண்டிச் சக்கரத்தில் கல் சிக்கினாற்போல அது பூட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஊசி குழந்தையின் கைக்குள் இருக்கிறது. பையன் கத்துகிறான். என்னால் இழுக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

"மேடம்" என்றேன்.

மேடம் பின்னாலிருந்து வந்து, என் கைக்கு மேலே தன் கையை வைத்து, பட்டையை அவிழ்த்து, ஊசியை அப்படியே நேராக வெளியே எடுத்தார். பிறகு பையனின் மற்றொரு கையில் அவரே ரத்தம் எடுத்தார். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடலை மிட்டாயைப் பார்த்ததும் சிரித்தான். ராணி எனக்குச் சமாதானம் சொன்னார். "வுடு புள்ள, அவனும் ஆடிக்கினே இருந்தான்." அவன் ஆடவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வேன் கிளம்பும்போது சின்னப்பையன் ஓடி வந்து ஜன்னல் வழியாக ஒரு பையை நீட்டினார். உள்ளே முடவாட்டுக்கால் கிழங்கு, ஆட்டுக்கால் மாதிரியே முடி முளைத்து இருந்தது. "சூப் வெச்சிக் குடி. கையி மடங்கும்" என்றார். மாமியார் மிளகு தட்டிப்போட்டு வைத்துக் கொடுத்தார். சூப் மிக ருசியாக இருந்தது. விரல்களுக்கு மட்டும் அந்த ருசி எட்டவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வேலையை விட்டேன். மேடம், "லீவு போடேன் கவிதா" என்றார். "வேண்டாம் மேடம், அடுத்த தடவை நீங்க பின்னாடி இல்லன்னா?" என்றேன். அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை.

பிறகு தெரிந்தவர்கள் சொல்லிப் புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையின் மூட்டுவாதப் பிரிவுக்குப் போனேன். உளுந்தூர்பேட்டையில் பேருந்து மாறும்போது லாரிச் சத்தத்தில், 'ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லப் போகிறார்கள்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருத்துவர் என் வயதுப் பெண். ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். பழைய அறிக்கைகளைப் புரட்டினார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"இன்னைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல டாக்டர். ஒரு செட்டு மட்டும்தான்."

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மெடிக்கல் கடையில் போய் உடம்பு வலி என்றால் மூன்று நான்கு மாத்திரைகளைச் சேர்த்துச் சின்னக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் செட். அதை யாரும் மாத்திரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டீ குடிப்பது மாதிரி. நான் முதலில் முடியாத அன்று மட்டும் போட்டேன். பிறகு வேலைக்குப் போகும் நாளெல்லாம் போட்டேன். முக்கியமாக, மருத்துவரைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் தவறாமல் போட்டேன். பேருந்தில் உட்கார வேண்டும், புடவை கட்ட வேண்டும், அவர் முன்னால் முனகிக்கொண்டு நிற்கக் கூடாது. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்கிவைப்போமே, அப்படி வலியைப் பெருக்கிச் சுத்தமாக்கிவிட்டு மருத்துவரிடம் போய், "எனக்கு வலி" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மருத்துவர் கைப்பையில் மிச்சமிருந்த காகிதத்தைப் பிரிக்கச் சொன்னார். பேனா முனையால் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைத் தள்ளினார். "இது ஸ்டீராய்டு. வீக்கத்தை அமுக்கிடும். சில பரிசோதனையைக்கூடக் குழப்பிடும். நீங்க லேப்ல இருந்தவங்கதானே?"

லேபில் இருந்தவள்தான். 'என்ன மாத்திரை சாப்பிடறீங்க?' என்று தினமும் ஊரையே கேட்டவள். என்னை நான் கேட்கவில்லை.

"ரொம்ப நாளா போடறீங்க, அதனால திடீர்னு நிறுத்தக் கூடாது" என்று எச்சரித்து, எப்படிக் குறைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். "முழுசா நின்ன பிறகு, காலையில கை எப்படி இருக்கோ அப்படியே வாங்க. அழகா வர வேணாம்" என்றார்.

அந்தக் காலை வந்தது. கிளம்புவதற்குப் புடவையை எடுத்தேன். கொசுவம் வைக்க முடியவில்லை. மடிப்பு ஒவ்வொன்றும் நழுவி விழுந்தது. வழக்கமாக மாமியார் எழுவதற்கு முன்பே நானும் கைகளும் சண்டை போட்டு ஒரு வழியாகிவிடுவோம். அன்றைக்கு நேரமில்லை.

"அத்தை, கொஞ்சம் வாங்க."

வந்தவர் என் கைகளைப் பார்த்தார். விரல்கள் வாழைப்பழச் சீப்பு மாதிரி வீங்கி இருந்தன. ஒரு விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"இன்னாடி இது, கொதிக்குது! ஒரு நாளாச்சும் சொன்னியாடி?"

"தினமும் சொன்னேன் அத்தை."

அவர் கீழே விழுந்த புடவையை அள்ளினார். பிறகு முழங்காலிட்டுக் கொசுவத்தை மடித்துக்கொண்டே, "சொன்ன. காட்டுனியா?" என்றார். கொசுவத்தைச் செருகி, ஊக்கைக் குத்தி, தலையும் வாரிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வாயு என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. உருளைக்கிழங்குக்கும் விடுதலை கிடைத்தது.

புதுச்சேரியில், முதல் பரீட்சையில் பாஸான பிள்ளை மதிப்பெண் அட்டையை நீட்டுவதுபோல் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தேன். மருத்துவர், "இப்ப அழுத்துவேன். வலிக்கும்" என்று சொல்லிவிட்டு அழுத்தினார். வலித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. எந்த மருத்துவரும் அதுவரை எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

புதிதாக ரத்தமும் எடுத்தார்கள். எடுத்த பெண் பட்டையை அவிழ்த்த பிறகுதான் ஊசியை எடுத்தாள் என்பதையும் கவனித்துக்கொண்டேன், பழக்கம் போகுமா. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிற வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்றார் மருத்துவர். வாதமாக வளரலாம், வேறொன்றாக வளரலாம், வளராமலும் போகலாம். இப்போதைக்குப் பெயர் வைக்க முடியாது, ஆனால் மருந்தைத் தொடங்கலாம், அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்றார். ஊரில், "உனக்கு என்னவாம்?" என்று கேட்கிறவர்களிடம், "இன்னும் பேரு வைக்கல" என்கிறேன். தொட்டில் போட்ட வீட்டுக்காரி மாதிரி.

மருந்து மெதுவாக வேலை செய்கிறது. சில நாட்களில் காபி டம்ளரை ஒரே கையில் பிடிக்கிறேன். சில காலைகளில் விரல்கள் சொல்லாமல் கொள்ளாமல் லீவு போடுகின்றன. முன்பு அதை மறைப்பேன். இப்போது கூடத்துக்கு வந்து இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுகிறேன். மாமியார் ஊக்கைத் தேடுகிறார், கணவர் தோசைக்கல்லை எடுக்கிறார்.

போன வாரம் மதியம் லேபுக்குப் போயிருந்தேன், பவித்ராவைப் பார்க்க. மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை ஒதுக்கி, தன் கையை மேஜைமேல் நீட்டினார்.

"எடு."

"மேடம், நான்..."

"எடு."

பட்டையைக் கட்டினேன். தடவினேன். நரம்பு அமுங்கி எழுந்தது. "வலிக்கும் மேடம், சீக்கிரம் முடிஞ்சிடும்." பவித்ரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரே குத்து. கட்டை விரல் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. பட்டையை அவிழ்த்து, ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தினேன். மேடம் பஞ்சைப் பிடித்தபடி, "எனக்கு வலிக்கல" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு கேட்டார். "நாளைக்கு வருவியா?"

வாய் வரைக்கும் வந்த 'வர்றேன்' நின்றுவிட்டது. இன்றைக்கு என் கை சரி. நாளைக்கு ராணியைப்போல் ஒருத்தி மடியில் இன்னொரு குழந்தை இருந்தால்? மதியம் மட்டும் வா என்கிறார் மேடம். ஊசி வேண்டாமென்றால் மைக்ராஸ்கோப்பில் உட்கார் என்கிறார். எனக்கோ ஊசி பிடிக்கத்தான் ஆசை. ஆசைப்படுவது சரியா என்றும் சந்தேகம். சந்தேகப்பட்டே கூப்பிட்டுக் கொடுக்கும் வேலையையும் விட்டுவிடுவேனோ என்று இன்னொரு சந்தேகம். "சொல்றேன் மேடம்" என்று வந்துவிட்டேன்.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். பெயர் வைத்ததோ வைக்காததோ, இப்படி வந்து வந்து போகிற வலியோடு கையால் வேலை செய்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். தையல்காரராக, சமையல் செய்பவராக, பூத் தொடுப்பவராக இருக்கலாம். இன்றைக்கு இந்தக் கையை நம்பலாம் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? நம்ப முடியாத நாளில் மேலதிகாரியிடம் என்ன சொல்கிறீர்கள்? எழுதுங்கள். மேடம் காத்திருக்கிறார், நானும் காத்திருக்கிறேன்.

கூடவே ஒரு சின்ன விஷயம். மித்ராவுக்குப் பள்ளியில் ரெட்டைச் சடை கட்டாயம். விரல்கள் லீவு போடும் காலையில் ரெட்டைச் சடை பின்ன ஏதாவது வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள். முடியை வெட்டிவிடு என்று மட்டும் சொல்ல வேண்டாம். அதை மாமியார் சொல்லி, மித்ரா அவரோடு இரண்டு நாளாகப் பேசாமல் இருக்கிறாள்.